கிமி என்றால் அம்மா

கனடாவின் ஸ்காபரோவில் யாருடைய தாய் கண்ணை மூடினாலும் சச்சிதானந்தனுக்கு ஃபோன் வந்துவிடும். ஐயருக்குச் சொல்லி, மண்டபத்துக்குச் சொல்லி, சாப்பாட்டுக்குச் சொல்லி முடித்த கையோடு அவருக்கும் சொல்வார்கள். "சச்சி அண்ணை, முப்பத்தோராம் நாளுக்கு வந்து அந்த ஜப்பான் அம்மாப் பாட்டை ஒருக்காப் பாடிவிடோணும்." மாட்டேன் என்று சொல்ல அவருக்கு வாய் வராது. மாலை போட்ட படத்துக்குப் பக்கத்தில் மைக்கைப் பிடித்துக்கொண்டு நின்று, கண்ணை மூடிப் பாடத் தொடங்குவார். ஒரு சொல்கூட ஒருவருக்கும் விளங்காது. ஆனால் 'கிமி' என்ற சொல் வருகிற இடத்தில் மண்டபமே மூக்கை உறிஞ்சும். கிமி என்றால் ஜப்பானிய மொழியில் அம்மா என்பது ரூஜிலிருந்து மில்லிக்கன் வரைக்கும் எங்கள் சனம் எல்லாருக்கும் தெரிந்த விஷயம்.

அழாதவள் ஒருத்தி உண்டு. சச்சியின் மனைவி மங்கையற்கரசி. பாட்டுத் தொடங்கும்போதே எழும்பி, தேத்தண்ணி ஊற்றப் போகிறேன் என்று மண்டபத்தின் குசினிக்குள் போய்விடுவாள். பாட்டு முடிந்து கதிரைகளை அரக்கி நகர்த்துகிற சத்தம் கேட்ட பிறகுதான் வெளியே வருவாள்.

இதில் உள்ள சங்கடம் என்னவென்றால், கிமி என்றால் அம்மா இல்லை. அது அம்மாப் பாட்டும் இல்லை. ஒரு ஆம்பிளை தன் மனைவியை நினைத்துப் பாடுகிற, கலப்படமில்லாத காதல் பாட்டு. இந்த உண்மை எங்கள் சனத்துக்குள் சச்சி ஒருவருக்குத்தான் தெரியும். புலிவாலைப் பிடித்தவர் மாதிரி அதைப் பிடித்துக்கொண்டு, விடவும் முடியாமல் வைத்திருக்கவும் முடியாமல் இத்தனை வருடம் ஓட்டிவிட்டார்.

கனடாவுக்கு வருமுன், இளந்தாரியாக இருந்த காலத்தில், சச்சி ஜப்பானில் நகோயாவுக்குப் பக்கத்தில் ஒரு பிளாஸ்டிக் தொழிற்சாலையில் வேலை செய்தார். அங்கே ஓகாவா என்றொரு மேற்பார்வையாளர். வேலைத்தலத்துக்கு அந்த மனிசனின் மனைவி ஃபோன் எடுத்தால் "ம்... ம்..." என்று இரண்டு தரம் உறுமிவிட்டு வைத்துவிடுவார். ஆனால் சனிக்கிழமைகளில் தொழிலாளர்களைக் கூட்டிக்கொண்டு, மைக் வைத்துப் பாடுகிற ஒரு சின்னக் கடைக்குப் போவார். அங்கே அதே மனிசன் கழுத்துப்பட்டியைத் தளர்த்திவிட்டு அந்தப் பாட்டைப் பாடி, கண்ணைத் துடைத்துக்கொள்வார். அந்த ஊர் ஆம்பிளைகளுக்கென்றே இப்படி ஒரு வகைப் பாட்டு இருக்கிறது என்பதைச் சச்சி மெல்ல மெல்லப் பிடித்துக்கொண்டார். வாயால் சொன்னால் மானம் போய்விடும் என்று நினைப்பதையெல்லாம் மைக்கைப் பிடித்தால் சொல்லலாம். அடுத்த நாள் அதைப் பற்றி ஒருவரும் கதைக்க மாட்டார்கள். யாழ்ப்பாணத்து ஆம்பிளைக்கு இதைவிட வேறென்ன வேண்டும்!

பாட்டில் பெரிய கதை ஒன்றும் இல்லை. குளிர்காலம். வேலை முடிந்து வந்தவன் வீட்டு வாசலில் நிற்கிறான். உள்ளே மனைவி மேசையில் தலை வைத்து உறங்கிவிட்டாள். அவள் தோளைத் தொட ஆசை. ஆனால் கை ஐஸ்கட்டியாய் இருக்கிறது, தொட்டால் அவளுக்குக் குளிரும். அதனால் வாசலிலேயே நின்று கையைத் தேய்த்துத் தேய்த்துச் சூடாக்குகிறான். கிமி, இன்றைக்கும் நான் ஒன்றும் சொல்லப்போவதில்லை, இந்தச் சூட்டிலே விளங்கிக்கொள்ளும் என்கிறான்.

கிமி என்றால் என்ன என்று கேட்டபோது ஓகாவா தனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில் 'யூ' என்றார். பிறகு தலையை ஆட்டி, அப்படியில்லை, முதலாளிக்குச் சொல்ல ஏலாது, தாய்க்குச் சொல்லவே ஏலாது, மனைவிக்குச் சொல்லலாம் என்று கையாலும் காலாலும் விளக்கினார். சச்சிக்கு உடனே பிடிபட்டுவிட்டது. 'நீ' இல்லை, அது பிள்ளைகளுக்கு. 'நீங்கள்' இல்லை, அது பெரியாட்களுக்கு. இரண்டுக்கும் நடுவிலே, கொஞ்சம் மரியாதையும் கொஞ்சம் உரிமையுமாக, யாழ்ப்பாணத்தான் தன் மனைவியைக் கூப்பிடுகிற 'நீர்'. "சாப்பிட்டனீரோ?" என்று கேட்கிற அந்த நீர். அப்போது அவருக்குக் கலியாணமே ஆகவில்லை. ஆனாலும் அந்தச் சொல்லுக்குரிய ஒருத்தி எங்கேயோ இருக்கிறாள் என்று நினைத்துப் பாடிப் பழகினார்.

அந்த ஒருத்தி மங்கையாக வந்து சேர்ந்தாள். மகள் லக்சிகாவின் முதலாம் பிறந்தநாளன்று, மோர்னிங்சைட்டில் அவர்கள் இருந்த அப்பார்ட்மென்டின் பார்ட்டி ரூமில்தான் எல்லாம் கெட்டது. கலியாணமாகி வந்த புதிதிலேயே பிள்ளையையும் பெற்று, மாமியாரையும் பார்த்து, மங்கை வாடி வதங்கிப்போயிருந்தாள். அவளுக்கு ஏதாவது சொல்ல வேண்டும் என்று சச்சிக்கு நெஞ்சு முட்டியது. ஆராவது ஒரு பாட்டுப் பாடுங்கோ என்று குரல் எழுந்ததும் மைக்கை வாங்கி, மங்கையைப் பார்த்துக்கொண்டே பாடினார். அவளுக்கு ஒரு சொல்லும் விளங்கவில்லை. ஆனாலும் முகம் மலர்ந்து தலையைக் குனிந்துகொண்டாள்.

முன்வரிசையில் இருந்த சச்சியின் தாய் பறுவதம் இதைக் கவனித்தார்.

"தம்பி, கிமி கிமி எண்டு உருகுறாய். ஆரடா உந்தக் கிமி? ஜப்பானில ஒருத்தியை வைச்சிருந்தனியோ?"

சனம் கொல்லென்று சிரித்தது. மங்கையின் முகம் செத்துப்போயிற்று. அந்த இடத்தில் சச்சி உள்ளதைச் சொல்லியிருந்தால் இந்தக் கதையே இல்லை. ஆனால் அறை நிறையச் சனம். மாமன்மார், பெரியப்பாமார், எல்லாருக்கும் மேலே அம்மா. பெண்சாதிக்குப் பாட்டுப் படித்தவன் என்ற பெயரோடு அந்த அறையை விட்டு வெளியே போக அவருக்குத் துணிவில்லை. நுணலும் தன் வாயால் கெடும் என்று சும்மாவா சொன்னார்கள்.

"கிமி எண்டா அம்மா எண்டு அர்த்தம், அம்மா. இது அம்மாப் பாட்டு," என்றார்.

பறுவதம் திகைத்துப்போனார். பிறகு சேலைத் தலைப்பை வாயில் வைத்துக்கொண்டு விம்மினார். பெரியப்பாமார் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்கள். பெத்தால் இப்படி ஒரு பிள்ளையைப் பெறவேண்டும் என்று ஆளுக்காள் சொன்னார்கள். மங்கை எழும்பிக் குசினிக்குள் போனாள். அன்றைக்குத் தொடங்கிய பழக்கம் அது.

ஒரு பொய் தனியே நிற்காது, முட்டுக்கொடுக்க இன்னும் ஒன்பது வேண்டும். ஒவ்வொரு வரிக்கும் அர்த்தம் கேட்டார்கள். குளிர்ந்த கை தாயின் கையாயிற்று, மேசையில் உறங்கியவள் பிள்ளைக்குச் சோறு வைத்துக் காத்திருந்த தாயானாள். வீட்டுக்குள்ளே அந்தப் பாட்டு ஆயுதமும் ஆயிற்று. கறியில் உப்புக் குறைந்தால் போதும், பறுவதம் தொடங்கிவிடுவார்: "என்ர பிள்ளை ஜப்பானில குளிருக்க கிடந்து என்னை நினைச்சுப் பாடினவன். நேற்று வந்த நீ எனக்குப் படிப்பிக்கிறியோ?" மங்கை போய் உப்பை எடுத்து வருவாள். பக்கத்து அறையில் சச்சி பேப்பரை விரித்து வைத்துக்கொண்டு ஒரே வரியைத் திரும்பத் திரும்ப வாசித்துக்கொண்டிருப்பார். அந்த மனிசனைப் பிடித்து நாலு கேள்வி கேட்கவேண்டும் போலிருக்கிறது. ஆனால் ஆரைக் கேட்பது? எங்கள் வீடுகளில் முக்கால்வாசி ஆம்பிளைகள் அந்தப் பேப்பருக்குப் பின்னால்தான் இருக்கிறார்கள்.

பாட்டை அதன் உண்மையான அர்த்தத்தோடு அவர் பாடக்கூடிய இடம் ஒன்றே ஒன்றுதான் இருந்தது, அவருடைய பழைய கார். மில்லிக்கனில் பிளாஸ்டிக் வாளி அடிக்கிற கொம்பனியில் வேலை முடிந்து, பனி கொட்டி ஸ்டீல்ஸ் வீதியில் வாகனங்கள் அசையாமல் நிற்கும்போது, கண்ணாடிகளை ஏற்றிவிட்டு மங்கைக்காகப் பாடுவார். பக்கத்துக் காரில் இருப்பவன் திரும்பிப் பார்த்துவிட்டு யன்னலை இறுக்கமாக மூடுவான். வீட்டுக்கு வந்ததும் வாசலிலேயே, நிலத்தில் சூட்டுக்காற்று வருகிற கம்பித்தட்டுக்கு மேலே கையை நீட்டித் தேய்த்துக்கொண்டு நிற்பார். "வந்தவுடன சப்பாத்தைக் கழட்டாமல் நிண்டு நிலமெல்லாம் ஈரமாக்கிறியள்," என்று மங்கை உள்ளிருந்து சத்தம் போடுவாள். அவர் ஒன்றும் சொல்ல மாட்டார். கை சூடாகிய பிறகு உள்ளே போய், அவள் தோளை ஒருக்காத் தொட்டு, "சாப்பிட்டனீரோ?" என்று கேட்பார். அதற்கு மேலே அவருக்குத் தமிழ் தெரியாது.

போன வருடத்துக்கு முந்தின வருடம் பறுவதம் ஆஸ்பத்திரியில் கடைசியாகக் கேட்டதும் அந்தப் பாட்டைத்தான். தாயைப் பொய் சொல்லி வழியனுப்புகிறோமே என்று அழுதழுது பாடினார். நேர்ஸ்மார்கூடக் கண்ணைத் துடைத்தார்கள். அதோடு சச்சியின் கதவுக்கு வெளியிலிருந்தும் பூட்டுப் போட்டாயிற்று. இனி உண்மையைச் சொன்னால், செத்தவரின் கையில் இருப்பதைப் பிடுங்கியதாக முடியும்.

அது காணாதென்று லக்சிகா வேறு ஒரு வேலை பார்த்தாள். பெரிதாக்கிச் சட்டம் போட்ட பறுவதத்தின் படத்துக்குக் கீழே 'கிமி' என்று ஜப்பானிய எழுத்திலேயே போடவேண்டும் என்று கணினியில் தேடினாள்.

"அப்பா, கிமி எண்டா 'யூ' எண்டெல்லோ வருது?"

சச்சி சமாளித்தார். "அது... அம்மாவை, நீ எண்டு கூப்பிடுறது பிள்ளை."

"ஓ, லைக், யூ, மை மதர். தட்ஸ் சோ பியூட்டிஃபுல், அப்பா!"

ஆங்கிலத்தில் தாய்க்கும் யூ, தாரத்துக்கும் யூ, கடைக்காரனுக்கும் யூ. பிள்ளை எங்கே கண்டது! ரூஜில் அவர்கள் வாங்கிய வீட்டின் ஹோலில், நடுச்சுவரில், பறுவதத்தின் படத்துக்குக் கீழே பொன்னிறத்தில் அந்த எழுத்து ஏறியது. வெள்ளிக்கு வெள்ளி மாலை மாற்றி விளக்குக் கொளுத்துகிற பொறுப்பு, வழக்கம்போல மருமகள் மங்கைக்கு வந்தது.

ஆப்பிழுத்த குரங்கின் வால் இப்படி அகப்பட்டுக் கிடக்கையில்தான் லக்சிகா, தன்னோடு வேலை செய்கிற கென் என்ற பெடியனைக் கட்டப்போகிறேன் என்றாள். கென் ஜப்பான்காரன். ஆனால் இங்கே பிறந்தவன், சாப்பாட்டுப் பெயர்களைத் தவிர அந்த மொழியில் ஒன்றும் தெரியாது. அதுவரைக்கும் சச்சிக்குச் சந்தோஷம்தான். "அவற்ற அம்மா யோஷிகோ அன்ரி வாற சண்டே வாறா, அப்பா. ஷீஸ் ஃப்ரம் நகோயா! நீங்கள் அந்தப் பாட்டைப் பாடினா அவ அழுதிடுவா," என்று மகள் துள்ளியபோது அவருடைய கையில் இருந்த தேத்தண்ணி தளும்பிக் காலில் சிந்தியது.

அந்தக் கிழமை முழுக்க அவர் பட்ட பாட்டைச் சொல்லி முடியாது. சுவருக்குப் பெயின்ற் அடிக்கவேண்டும், படத்தைக் கழற்றுவோம் என்றார். "மாமின்ர படத்தைக் கழட்டவோ? நீங்களோ கதைக்கிறியள்?" என்று மங்கை அவரை ஏற இறங்கப் பார்த்தாள். தொண்டை கட்டிவிட்டது என்றார். கொத்தமல்லி அவித்துக் கொடுத்துவிட்டாள். கடைசியில், அந்த அம்மாவுக்கு ஜப்பானிய மொழியிலேயே ரகசியமாகச் சொல்லிவிடுவோம், காட்டிக்கொடுக்க வேண்டாம் என்று கேட்போம் என்று முடிவெடுத்தார். ஆனால் பாட்டுக்கு வெளியே அவரிடம் மிஞ்சியிருந்த ஜப்பானிய மொழி எல்லாம் தொழிற்சாலை மொழி. கெதியாய்ச் செய், சூடு, ஆபத்து, இன்றைக்கு ஓவர்டைம். இதை வைத்துக்கொண்டு என்னத்தை மன்றாடுவது?

ஞாயிற்றுக்கிழமை பின்னேரம் கென்னோடு யோஷிகோ வந்தார். சின்ன உருவம், நரைத்த தலை, இரண்டு கையாலும் நீட்டிய ஒரு பெட்டி இனிப்பு. வாசலில் அவர் சப்பாத்தைக் கழற்றும்போது சச்சி கிட்டப் போய், படத்தைக் கண்ணால் காட்டி, "அபுனாய்!" என்று இரகசியமாகச் சொன்னார். ஆபத்து என்று அர்த்தம். அந்த அம்மா திடுக்கிட்டு, படம் தலையில் விழப்போகிறதாக்கும் என்று இரண்டு அடி பின்னே வைத்தார். பிறகு நிமிர்ந்து பார்த்தார். மாலை, விளக்கு, ஒரு வயதான மனிசி, கீழே அந்த எழுத்து. அவருடைய புருவம் மேலே போனது.

"தட்ஸ் மை கிராண்ட்மா," என்றாள் லக்சிகா. "தட் வேர்ட் இஸ் ஃப்ரம் த சோங் அப்பா சிங்ஸ் ஃபோ ஹேர். அப்பா, பாடுங்கோ. ப்ளீஸ்."

"தொண்டை சரியில்லைப் பிள்ளை."

"கொத்தமல்லி குடிச்சவர்தானே, பாடுவார்," என்று சொல்லிவிட்டு மங்கை எழும்பினாள். "நான் வடையைச் சூடாக்கிக்கொண்டு வாறன்."

சச்சி எழுந்து நின்றார். எல்லாக் கதவும் சாத்தியாயிற்று. இன்றைக்கு எப்படியும் உடையப்போகிறது, உடையட்டும் என்று ஒரு கணம் நினைத்தார். அந்த நினைப்பு வந்ததும் நெஞ்சில் ஏதோ இளகியது. படத்தைப் பார்த்துப் பாடவேண்டியவர் குசினி வாசலைப் பார்த்துப் பாடினார். அங்கே மங்கையின் முதுகு மட்டும் தெரிந்தது. யோஷிகோ முதலில் புன்னகைத்தார், அவருக்குத் தெரிந்த பழைய பாட்டு. பிறகு வாயைக் கையால் மூடினார். படத்தைப் பார்த்தார், சச்சியைப் பார்த்தார், சச்சியின் கண் போகிற திசையைப் பார்த்தார். கடைசி வரியை அவரும் மெல்லிய குரலில் சேர்ந்து பாடினார்.

"இட்ஸ் அபௌட் ஹிஸ் மதர், ரைட்?" என்றாள் லக்சிகா, கண் கலங்கியபடி.

வடைத் தட்டோடு மங்கை வந்து நின்றாள். சச்சி யோஷிகோவின் பக்கம் திரும்பினார். சொல்லிவிடு தாயே, என் வாயால் முடியாததை நீயாவது சொல்லிவிடு என்று உள்ளுக்குள் கெஞ்சினார்.

யோஷிகோ அவரைக் கொஞ்ச நேரம் பார்த்தார். மரியாதை தெரிந்த மனிசி. ஒருவரைச் சபையில் வெட்கப்படுத்தலாமா? "யெஸ்," என்றார். "வெரி குட் மதர் சோங்."

பூட்டை உடைக்க வந்தவர் நல்ல மனதோடு இன்னொரு பூட்டைப் போட்டுவிட்டார். சச்சி கதிரையில் தொப்பென்று இருந்தார். போகும்போது யோஷிகோ படத்துக்கு முன்னால் நிற்கவில்லை. மங்கைக்கு முன்னால் வந்து ஆழமாகக் குனிந்து வணங்கினார். பிறகு அவளுடைய இரண்டு கையையும் எடுத்துத் தன் கைக்குள் வைத்து, மெதுவாகத் தேய்த்துவிட்டுப் போனார்.

பிள்ளைகள் அவரைக் கொண்டுபோய் விடக் காரில் புறப்பட்டார்கள். மங்கை கோப்பைகளைக் கழுவினாள், சச்சி துடைத்தார்.

"இஞ்சாருங்கோ, உந்த மனிசி ஏன் என்ர கையைப் பிடிச்சுத் தேய்ச்சவ? மாமியெல்லோ சுவரில இருக்கிறா. எனக்கேன் கும்பிட்டவ?"

சச்சி கோப்பை துடைப்பதை நிறுத்தினார். "கிமி எண்டா அம்மா இல்லை," என்றார்.

"பின்ன?"

"நீர்."

"ஓம், நான்? நான் என்ன செய்தனான்?"

"இல்லை... நீர்."

"சொல்ல வந்ததைச் சொல்லி முடியுங்கோவன். நீர், நீர் எண்டு நிண்டா?"

"முடிஞ்சுது. அந்தச் சொல் அவ்வளவுதான். கிமி எண்டா நீர். அண்டைக்குப் பார்ட்டி ரூமில உம்மைப் பாத்துத்தான் பாடினனான். அம்மா கேக்கப் பயத்தில வாய் மாறிப்போச்சு. ஒரு நாளும் அது அம்மாப் பாட்டில்லை."

குழாயில் தண்ணி ஓடிக்கொண்டே இருந்தது. "பாட்டில என்ன சொல்லுது?" என்று திரும்பாமலே கேட்டாள். சொன்னார். குளிர்ந்த கை, வாசல், தேய்த்துச் சூடாக்குவது, எல்லாம். மங்கை தலையை மட்டும் திருப்பி வாசலடியில் இருந்த கம்பித்தட்டைப் பார்த்தாள். பிறகு குழாயைப் பூட்டிவிட்டு ஹோலுக்குப் போனாள். இளகிவிட்டாள் என்று நினைத்துச் சச்சி கையில் இருந்த கோப்பையோடு பின்னால் போனார்.

அவள் படத்துக்கு முன்னால் நின்றாள். "அப்ப, இதுக்குக் கீழ எழுதியிருக்கிறது என்னை."

சச்சியும் அந்தப் பொன்னெழுத்தைப் பார்த்தார்.

"ரெண்டு வருசமா வெள்ளிக்கு வெள்ளி எனக்குத்தானோ நான் மாலை போட்டு விளக்குக் கொளுத்தினனான்?"

"மங்கை..."

"உந்தப் பாட்டை நான் எவ்வளவு வெறுத்தனான் தெரியுமோ? மாமி என்னைக் குத்த எடுக்கிற கத்தி உதுதான். நீங்கள் பக்கத்து அறையில இருந்து கேட்டுக்கொண்டிருந்தனீங்கள். அது என்ர பாட்டெண்டு ஒரு நாள், ஒரேயொரு நாள் எனக்கெண்டாலும் சொல்லியிருக்கலாம்." குரல் உடைந்தது. அவள் அழுது அவர் கண்டது அதுதான் முதல்தரம்.

"நாளைக்கே எல்லாருக்கும் சொல்லுறன்."

"என்னெண்டு சொல்லுவியள்? செத்த மனிசியின்ர மாலையைக் கழட்டி என்ர கழுத்தில போடப்போறியளோ? லக்சிகா தாங்குவாளோ? எத்தினை பேற்ற தாய்மாரை உந்தப் பாட்டோட வழியனுப்பினனீங்கள், அந்தச் சனத்துக்கு என்ன சொல்லுறது? இனி ஏலாது. நீங்கள் மாட்டினதில இப்ப நானும் மாட்டியாச்சு." முகத்தைச் சேலைத் தலைப்பால் துடைத்துக்கொண்டாள்.

அந்த நேரம் பார்த்து ஃபோன் அடித்தது. மோர்னிங்சைட்டிலிருந்து ஸ்ரீதரன். அவனுடைய தாய்க்கு வருகிற சனிக்கிழமை முப்பத்தோராம் நாள். சச்சி கையை நீட்டமுன் மங்கை எடுத்துவிட்டாள்.

"ஓம் ஸ்ரீதரன். ஓம், அம்மாப் பாட்டுத்தானே. வருவார், பாடுவார்." வைக்கப்போனவள் வைக்கவில்லை. "தம்பி, ஒரு சின்ன உதவி. முன்வரிசையில, அவருக்கு நேர எதிரில, எனக்கொரு கதிரை பிடிச்சு வையும். இல்லை, தேத்தண்ணிக்கு வேற ஆரையாவது விடும். நான் இந்த முறை பாட்டுக் கேக்கப்போறன்."

சச்சி துடைத்த கோப்பையையே மறுபடி மறுபடி துடைத்துக்கொண்டு நின்றார்.